ஒரே கட்சி நெடுநாள் ஆளும்போது குடிமக்கள் செய்யும் தவறுகள்

ஒரு கட்சி பல ஆண்டுகள் ஆட்சியில் இருந்துவிட்டால், கட்சி வேறு அரசு வேறு என்பது மக்களுக்கு மெல்ல மறந்துபோகிறது. எல்லாத் தவறுகளும் அந்த மறதியில்தான் தொடங்குகின்றன.

எங்கள் தெருவில் ஓர் அம்மா. கணவர் இறந்த பிறகு அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பித்தார். மனுவை அலுவலகத்தில் கொடுக்கவில்லை. வட்டாரத்துப் பிரமுகர் ஒருவரிடம் கொடுத்தார். எட்டு மாதம் அந்த வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தார். “பார்த்துக்கொள்ளலாம், போங்கள் அம்மா” என்பதுதான் ஒவ்வொரு முறையும் பதில். மனு எங்கே போனது என்று காட்ட ஒரு துண்டுச் சீட்டுகூட அவரிடம் இல்லை. பிறகு ஒரு திங்கட்கிழமை, கடலூர் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு அவரை அழைத்துப் போனேன். மனுவைப் பதிவு செய்து, எண் போட்ட ஒப்புகைச் சீட்டைக் கொடுத்தார்கள். அதை மடித்துச் சுருக்குப்பையில் வைத்தவர், பஸ் ஏறியதும் மறுபடி எடுத்து நீட்டினார். “இதில் என் பெயர் இருக்கிறதா தம்பி?”

சட்டப்படி வரவேண்டியதைச் சலுகையாகக் கேட்டு வாங்குவதுதான் நாம் செய்யும் முதல் தவறு. வாங்கிய பிறகு நன்றிக்கடன் வந்துவிடுகிறது. தேர்தல் நாளில் அந்தக் கடனைக் கேட்கவும் வருவார்கள். எவ்வளவு சின்ன வேலையானாலும் நேராக அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள், ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள்.

கேள்வியைத் தவறாகக் கேட்பது இரண்டாவது. தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005-இல் வந்தது. பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில். ஆனால் பலர் “எங்கள் தெருவுக்கு ஏன் சாலை போடவில்லை?” என்று எழுதுகிறார்கள். ‘ஏன்’ என்பதற்கு விளக்கம் சொல்ல அந்தச் சட்டம் அதிகாரியைக் கட்டாயப்படுத்தாது. ஆவணத்தைக் கேட்க வேண்டும்: பணி ஆணையின் நகல், செய்த வேலையை அளந்து எழுதிவைக்கும் அளவுப் புத்தகத்தின் நகல், ஒப்பந்ததாரருக்குக் கொடுத்த பில்லின் நகல். சாலையே இல்லாத தெருவுக்கு அளவுப் புத்தகத்தில் நீளமும் அகலமும் எழுதியிருந்தால் அதற்குமேல் யாரும் வாதாட வேண்டியதில்லை. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையே இல்லை. பதில் வராவிட்டால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, பிறகு 90 நாளுக்குள் தகவல் ஆணையத்தில் இரண்டாவது. பெரும்பாலோர் முதல் படியிலேயே சலித்து விட்டுவிடுகிறார்கள். அந்தச் சலிப்பை நம்பித்தான் பல கோப்புகள் தூங்குகின்றன.

கிராம சபையிலும் இதே கதைதான். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தீர்மானம் எழுதும் முன்பே கிளம்பிவிடுகிறோம். தீர்மானத்தை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டபிறகு எழுந்திருங்கள்.

கோபத்தையே போராட்டம் என்று நினைத்துக்கொள்வது இன்னொரு தவறு. பரங்கிப்பேட்டைப் பக்கம் மலேசியாவில் உறவினர் உள்ள குடும்பங்கள் நிறைய உண்டு. அவர்களுக்கு இது தெரிந்திருக்கும். 1957-இல் விடுதலை கிடைத்தது முதல் 2018 மே மாதம் வரை, இடையில் பெயர் மாறினாலும், அந்த நாட்டை ஒரே கூட்டணிதான் ஆண்டது. 61 ஆண்டுகள். ‘பெர்சே’ என்ற தேர்தல் சீர்திருத்த இயக்கத்தினர் 2011-இல் மஞ்சள் சட்டையோடு தெருவில் இறங்கியபோது சட்டைக்கே தடை வந்தது. ஆனாலும் “ஆட்சி ஒழிக” என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. வாக்காளர் பட்டியலைத் திருத்து, அஞ்சல் வாக்கைச் சீர்செய், பிரசாரத்துக்குக் குறைந்தது 21 நாள் கொடு, விரலில் அழியாத மை வை என்று எண்ணிச் சொல்லக்கூடிய கோரிக்கைகளை வைத்தார்கள். நாம் 1962 முதல் விரலில் பார்த்துப் பழகிய அதே மைக்காகத்தான் அங்கே கண்ணீர்ப்புகை வீச்சுக்கு ஆளானார்கள். 2013 தேர்தலில் மை வந்தது. கழுவினால் போகிறது என்று புகார் எழுந்தது. அதற்கும் விடாமல் குரல் கொடுத்தார்கள்.

வாக்குச்சாவடிக்கு உள்ளே ஆள் இல்லாமல் வெளியே நின்று முறைகேடு என்று கத்துவதையும் இதோடு சேர்க்கலாம். வாக்குப்பதிவு முடிந்ததும் மொத்தம் பதிவான வாக்குகளின் எண்ணிக்கையை 17சி படிவத்தில் எழுதி, அங்கே இருக்கும் ஒவ்வொரு வேட்பாளரின் முகவருக்கும் நகல் தர வேண்டும் என்பது நம் நாட்டு விதி. முகவரே இல்லாத வேட்பாளருக்கு நகல் எங்கிருந்து வரும்?

வென்றதும் வீட்டுக்குப் போய்விடுவது அடுத்தது. மலேசியாவில் மக்கள் கொண்டுவந்த புதிய ஆட்சி, உறுப்பினர்கள் அணி மாறியதால் 2020 பிப்ரவரியிலேயே கவிழ்ந்தது. கட்சித் தாவலைத் தடுக்கும் சட்டம் 2022-இல்தான் அங்கே நிறைவேறியது. நம்மிடம் அந்தச் சட்டம் 1985 முதல் இருக்கிறது. இருந்தும் 2021 பிப்ரவரியில் புதுச்சேரியில் சட்டமன்ற உறுப்பினர்கள் அடுத்தடுத்துப் பதவி விலகி ஆட்சி கவிழ்ந்தது.

எனக்கு மிகவும் வலிக்கும் தவறு, இல்லாததற்குப் பழகிவிடுவது. அதற்கும் புதுச்சேரியையே சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கே 1968-இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்த தேர்தல் 38 ஆண்டுகள் கழித்து, 2006-இல், நீதிமன்றம் தலையிட்ட பிறகு. அந்தப் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது; அதன்பின் பத்தாண்டுக்கு மேல் தேர்தலே இல்லை. பதவிக்காலம் முடிவதற்கு முன்பே அடுத்த தேர்தலை நடத்திவிட வேண்டும் என்கிறது அரசியலமைப்புச் சட்டம். இடையில் கட்சிகள் மாறி மாறி ஆண்டன. இந்த விஷயத்தில் மட்டும் எல்லாம் ஒரே கட்சி போலவே நடந்துகொண்டன. தெருவிளக்கு எரியாவிட்டால் சட்டமன்ற உறுப்பினர் வீட்டு வாசலுக்குப் போவது இயல்பாகிவிட்டது. வார்டு உறுப்பினர் என்று ஒருவர் இருந்தார் என்பதே அங்குள்ள கல்லூரிப் பிள்ளைகளுக்குத் தெரியாது.

புதுச்சேரி நண்பர்களே, உங்கள் மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கு ஒரு தகவல் மனு எழுதுங்கள். கடைசியாக வார்டுகளைப் பிரித்த ஆணையின் நகல், தேர்தல் தொடர்பாக அரசோடு நடந்த கடிதப் போக்குவரத்தின் நகல், இரண்டையும் கேளுங்கள். தெருவுக்கு ஒருவர் எழுதினால் போதும்.