ஜன்னலும் வெளிச்சுவரும்: சுத்தம் செய்யப்போய்க் கெடுத்துவிடும் தவறுகள்

எங்கள் வீட்டுக் கூடத்து ஜன்னலில் சில கீறல்கள் உண்டு. சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது மட்டும் கண்ணுக்குத் தெரியும். அரைவட்டம் அரைவட்டமாக, ஒரு கைவீச்சு எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு நீளம். காற்றோ மழையோ போட்டவை இல்லை, நான் போட்டவை. புழுதி அப்பியிருந்த கண்ணாடியை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தேன். இரண்டு நிமிட வேலைதான். வருடக்கணக்காகியும் அந்தத் தடம் அப்படியே இருக்கிறது.

அதன்பிறகு எத்தனையோ வீடுகளில் கவனித்துவிட்டேன். ஜன்னலும் வெளிச்சுவரும் அழுக்கால் கெடுவதைவிட, அழுக்கை எடுக்கும் அவசரத்தில் கெடுவதே அதிகம். தண்ணீரில் ஊறவிட வேண்டிய இடத்தில் கைபலத்தைக் காட்டுகிறோம். கறை எதனால் வந்தது என்று பார்க்காமலேயே கையில் கிடைத்த திரவத்தை ஊற்றுகிறோம்.

புழுதி மேல் உலர்ந்த துணி

புழுதி என்று நாம் சாதாரணமாகச் சொல்வதில் நுண்ணிய மணல் கலந்திருக்கிறது. மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ். தாதுக்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸ் 7-இல் நிற்கிறது. ஜன்னல் கண்ணாடி 5.5-க்கும் 6-க்கும் நடுவில். கண்ணாடியைவிடக் கடினமான துகள் துணிக்கு அடியில் சிக்கிக்கொண்டால், அந்தத் துணி உப்புத்தாளாகிவிடும். எவ்வளவு மென்மையான துணியாக இருந்தாலும் இதுதான் கதி.

அதனால் முதலில் சட்டத்திலும் மூலைகளிலும் இருக்கும் தூசியை மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள். பிறகு கண்ணாடியில் தாராளமாகத் தண்ணீர் விட்டு, புழுதி தானாக வழிந்து இறங்க நேரம் கொடுங்கள். கை வைப்பது அதற்கு அப்புறம்தான். துணியை அடிக்கடி அலசுங்கள். வாளித் தண்ணீர் கலங்கிவிட்டால் மாற்றுங்கள். கலங்கிய தண்ணீரில் அலசினால் அதே மணல் மறுபடியும் துணியில் ஏறி வரும்.

பெயிண்ட் பொட்டையும் ஸ்டிக்கர் பசையையும் பிளேடால் சுரண்டுவது வழக்கம்தான். ஆனால் உலர்ந்த கண்ணாடியில் ஒருபோதும் கூடாது. சோப்புத் தண்ணீரில் நன்றாக நனைத்து, புது பிளேடைச் சாய்வாக வைத்து, ஒரே திசையில் தள்ளி, ஒவ்வொரு முறையும் எடுத்து வைக்க வேண்டும். முன்னும் பின்னும் இழுத்தால் அடியில் சிக்கிய துகள் கோடு போட்டுவிடும். கண்ணாடியின் மூலையில் சின்னதாக முத்திரை பொறித்திருந்தால் அது பெரும்பாலும் டெம்பர்டு கண்ணாடி, அதாவது உலையில் சூடாக்கி வலுவேற்றியது. அப்படிச் சூடாக்கும்போது நுண்ணிய கண்ணாடித் துணுக்குகள் அதன் மேல் ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும். பிளேடு அவற்றைப் பெயர்த்து இழுத்துக்கொண்டே போகும். அந்த வகைக் கண்ணாடிக்குப் பிளேடே வேண்டாம் என்பது என் கருத்து. பசையை ஈரத்துணி போட்டு ஊறவைத்து, நகத்தாலோ பிளாஸ்டிக் அட்டையாலோ எடுத்துவிடலாம்.

துடைத்தபின் தெரியும் கோடுகள்

'நல்லாத்தானே துடைச்சேன், எப்படிக் கோடு விழுந்தது?' என்பது எல்லா வீட்டிலும் கேட்கும் கேள்வி. தண்ணீர் ஆவியாகிப் போகும்போது அதில் கரைந்திருந்த உப்பும் சோப்பும் பின்தங்கிவிடுகின்றன. கோடாகத் தெரிவது அதுதான். உச்சி வெயிலில் சுடும் கண்ணாடியில் நீங்கள் துடைத்து முடிப்பதற்குள் தண்ணீர் காய்ந்துவிடும். நிழல் விழுந்திருக்கும் பக்கத்தை முதலில் எடுத்துக்கொண்டு, வெயில் நகர நகர நீங்களும் மாறிக்கொள்ளுங்கள். மேகமூட்டமான நாள் கிடைத்தால் இன்னும் நல்லது. சுட்டுக்கிடக்கும் கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீரைச் சட்டென்று ஊற்றினால் விரிசல் விடவும் வாய்ப்பு உண்டு. மொட்டைமாடி சோலார் பலகைக்கும் இது பொருந்தும். காலையில் வெயில் ஏறுமுன் கழுவிவிடுங்கள்.

இரண்டாவது காரணம் சோப்பு. நுரை பொங்கினால்தான் சுத்தம் என்று ஒரு நினைப்பு நம்மிடம் இருக்கிறது. ஒரு வாளித் தண்ணீருக்குப் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு தேக்கரண்டி போதும். கூடப் போட்டால் கண்ணாடியில் படலமாகத் தங்கி, அடுத்த புழுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

செய்தித்தாளால் துடைப்பதைப் பலர் விடுவதில்லை. நனைந்த தாள் கையிலேயே பிய்ந்துபோகும், வெள்ளைச் சட்டத்தில் மை ஏறும். மைக்ரோஃபைபர் துணி எவ்வளவோ மேல். ஆனால் அதைத் துவைக்கும்போது துணி மிருதுவாக்கும் திரவத்தைச் சேர்க்காதீர்கள். அது இழைகள் மேல் பூச்சாகப் படிந்து, ஈரத்தை உறிஞ்சும் தன்மையைக் குறைத்துவிடும்.

ரப்பர் பட்டை வைத்த துடைப்பானைப் பயன்படுத்துகிறவர்கள் செய்யும் தவறு ஒன்றே ஒன்று: பட்டையைத் துடைக்காமலேயே அடுத்த இழுப்புக்குப் போவது. ஒவ்வொரு இழுப்புக்கும் பிறகு பட்டையைத் துணியில் ஒற்றுங்கள். முதல் இழுப்புக்கு முன் கண்ணாடியின் மேல் விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்கு உலரத் துடைத்துவிட்டால், மேலிருந்து சொட்டு வழியாது. அடுத்தடுத்த இழுப்புகள் கொஞ்சம் ஒன்றன்மேல் ஒன்று ஏறட்டும். எல்லாம் சரியாகச் செய்தும் ஒரே இடத்தில் கோடு விழுந்துகொண்டே இருந்தால் ரப்பரின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். சின்னப் பிசிறு தட்டுப்படும். பட்டையைத் திருப்பிப் போடுங்கள், அல்லது மாற்றிவிடுங்கள்.

வெள்ளைப் புள்ளிகள்

தேய்க்கத் தேய்க்கப் போகாத வெள்ளைப் புள்ளிகள் உப்புத் தண்ணீர் காய்ந்த தடங்கள். தண்ணீரில் இருந்த கால்சியமும் மக்னீசியமும் கண்ணாடியில் படிந்து கெட்டிப்பட்டவை. சோப்புக்கு அசையாது, அமிலத்துக்குக் கரையும். வினிகரில் நனைத்த துணியைக் கண்ணாடியோடு ஒட்டவைத்து, பத்து நிமிடம் விட்டு, பிறகு துடைத்து, நல்ல தண்ணீரில் அலசினால் போதும். பலமுறை செய்தும் வெளிறிய திரை போல மங்கல் நிற்கிறது என்றால், கண்ணாடியின் மேற்பரப்பே அரித்துப்போய்விட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் பாலிஷ் வேலைதான். செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாய் தினமும் கண்ணாடியில் படும்படி இருந்தால் முதலில் அதன் திசையை மாற்றுங்கள். புதிதாகப் பூசிய சிமெண்ட் சுவரிலிருந்து வழியும் தண்ணீர் காரத்தன்மை கொண்டது, கண்ணாடியை அரிக்கும். பூச்சு வேலை நடக்கும்போது கண்ணாடியில் தெறித்ததை அன்றைக்கே, ஈரமாக இருக்கும்போதே கழுவிவிட வேண்டும்.

ஜன்னல் திட்டு சலவைக்கல்லாக இருந்தால் வினிகர் அதன்மேல் சொட்டவே கூடாது. கண்ணாடியில் இருக்கும் கறையும் அந்தக் கல்லும் ஏறக்குறைய ஒரே பொருள், கால்சியம் கார்பனேட். கறையைக் கரைப்பது கல்லையும் கரைத்துப் பளபளப்பைப் பறித்துவிடும். திட்டின்மேல் பிளாஸ்டிக் தாள் விரித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

வெயில் தடுப்புப் படலம் ஒட்டிய கண்ணாடிக்கும், அக்ரிலிக், பாலிகார்பனேட் தகடுகளுக்கும் அம்மோனியா கலந்த திரவம் ஆகாது. படலம் உரியும், தகட்டில் நுண்ணிய வெடிப்பு ஓடும். இரட்டைக் கண்ணாடி ஜன்னலில் நடுவே பனிமூட்டம் போலத் தெரிந்தால் உள்ளே அடைப்பு விட்டுப்போயிருக்கிறது. துடைத்துத் தீராது.

தண்டவாளத்தில் சேறு

ஸ்லைடிங் ஜன்னலின் தண்டவாளத்தில் நேரே தண்ணீர் ஊற்றினால் அங்கே கிடக்கும் மண்ணெல்லாம் சேறாகி மூலைகளில் அடைத்துக்கொள்ளும். முதலில் உலர்ந்தபடியே தூரிகையாலும் வாக்குவம் கிளீனராலும் எடுத்துவிட வேண்டும்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. சட்டத்தின் அடிப்பகுதியில், வெளிப்பக்கம், விரல் நகம் அளவுக்குச் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். மழைத்தண்ணீர் தண்டவாளத்தில் தேங்காமல் வெளியே வடிவதற்காகவே அவற்றை விட்டிருக்கிறார்கள். எறும்பு வருகிறது என்று அவற்றைச் சிலிக்கோன் பசை வைத்து அடைத்துவிட்டு, 'மழை பெய்தால் ஜன்னல் வழியாகத் தண்ணீர் உள்ளே வருகிறது' என்று கவலைப்படுகிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். மெல்லிய குச்சியால் துளைகளைக் குத்திவிட்டு, தண்டவாளத்தில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சில விநாடிகளில் வெளிப்பக்கம் வழிய வேண்டும். அப்படி வழியும்வரை அந்த ஜன்னலின் வேலை முடியவில்லை.

சுவரில் என்ன கறை?

வெளிச்சுவரில் கை வைக்குமுன் ஒரு நிமிடம் கிட்டே நின்று பாருங்கள். விரலால் தடவினால் பெயிண்ட் நிறத்திலேயே பொடி ஒட்டுகிறதா? அது அழுக்கே கிடையாது. வெயிலில் பெயிண்ட் மூப்பெய்தியிருக்கிறது. கழுவினால் இன்னும் வெளுக்கும், மறுபூச்சுதான் வழி. செம்பழுப்பாக ஒழுகிய தடமா? துரு. அதில் ப்ளீச் ஊற்றினால் கறை போகாது, இன்னும் அழுத்தமாகவும் பிடிக்கலாம். ஆக்சாலிக் அமிலம் கலந்த துரு நீக்கி எடுக்கும். ஆனால் மேலே துருப்பிடித்துக்கொண்டிருக்கும் ஆணியையோ கம்பியையோ கவனிக்காவிட்டால் அடுத்த மழைக்கே கறை திரும்பிவிடும்.

வெள்ளையாகப் பஞ்சு போல, சில சமயம் ஊசி ஊசியாகப் பூத்திருந்தால் அது உப்பு. இதைத் தண்ணீர் அடித்துக் கழுவுவது பெரிய தவறு. உப்பு கரையும், கரைந்த உப்பைச் சுவர் மறுபடி உறிஞ்சும், காய்ந்ததும் முன்பைவிட அகலமாகப் பூக்கும். கழுவியவர் 'போய்விட்டது' என்று நம்புவது சுவர் ஈரமாக இருக்கும்வரைதான். உலர்ந்த நாளில், உலர்ந்த தூரிகையால் தட்டி, உதிர்வதைக் கூட்டி அள்ளிவிட வேண்டும். அதைவிட முக்கியம், உப்பைச் சுமந்துகொண்டு வரும் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேடுவது. கசியும் குழாயா, உடைந்த மழைநீர்க் குழாயா, சுவரை ஒட்டி ஏற்றிவைத்த மண்ணா? அதை அடைக்காமல் மேலே பெயிண்ட் அடித்தால் பெயிண்டைத் தள்ளிக்கொண்டு உப்பு வெளியே வரும்.

பச்சையாகவோ கருப்பாகவோ இருந்தால் பாசி அல்லது பூஞ்சை. உலர்ந்தபடி தேய்த்தால் பூஞ்சை வித்துகள் காற்றில் பறந்து மூச்சில் ஏறும். முதலில் நனைத்துவிட்டு, நீர்த்த ப்ளீச் கரைசலைக் கீழிருந்து மேலாகப் பூசிக்கொண்டு போங்கள். மேலிருந்து பூசினால் உலர்ந்த சுவரில் கரைசல் ஒழுகி, அந்த ஒழுக்கெல்லாம் கோடாகப் பதியும். பத்துப் பதினைந்து நிமிடம், காயவிடாமல் வைத்திருந்து, அலசும்போது மேலிருந்து கீழே வாருங்கள். சுவரோரச் செடிகளுக்கு முன்னும் பின்னும் நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள்.

இங்கேதான் நான் மிகவும் பயப்படும் தவறு இருக்கிறது. காலையில் ஜன்னலுக்கு வினிகர், மத்தியானம் சுவருக்கு ப்ளீச், இரண்டுக்கும் ஒரே வாளி. ப்ளீச்சோடு வினிகரோ வேறு ஆசிடோ சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவத்தோடு சேர்ந்தால் குளோரமைன் வாயு. இரண்டுமே நுரையீரலைத் தாக்கும். வாளியையும் துணியையும் தனித்தனியாக வையுங்கள். இரண்டு வேலையையும் ஒரே நாளில் செய்யாமல் இருப்பது இன்னும் நல்லது.

பிரஷர் வாஷர்

வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரின் அழுத்தம், 'பார்' என்ற அழுத்த அலகில் சொன்னால், ஒற்றை இலக்கத்தைத் தாண்டுவது அரிது. வீட்டு உபயோக பிரஷர் வாஷர்கள் பலவற்றில் அது 100 பாரைத் தாண்டும். அந்த வேகத்தில் கிட்டே பிடித்தால் செங்கல் இணைப்பிலிருக்கும் சாந்து பெயரும், மரத்தின் நார் எழும்பும், ஜன்னலைச் சுற்றியுள்ள ரப்பர் அடைப்பு கிழியும், ஏசி வெளி யூனிட்டின் மெல்லிய தகடுகள் மடங்கும். கீழே நின்று மேல்நோக்கிப் பீய்ச்சினால் மழைகூட நுழையாத இடுக்குகளில் தண்ணீர் ஏறும். தண்ணீர் எவ்வளவு விரிந்து வரும் என்பதை முனையின் நிறம் காட்டும்: வழக்கமாகச் சிவப்பு 0 டிகிரி, அதாவது விரியாத ஒற்றைத் தாரை; வெள்ளை 40 டிகிரி. சுவருக்கு வெள்ளையில், நான்கடி தள்ளி நின்று, கண்ணில் படாத ஒரு மூலையில் சோதித்துவிட்டு ஆரம்பியுங்கள். சிவப்பு முனை வீட்டுச் சுவருக்குத் தேவையே இல்லை. அந்தத் தாரை கையில் பட்டு ஊசி குத்தியது போல ஒரு சின்னப் புள்ளிதான் தெரிந்தாலும், தண்ணீர் தோலுக்கு அடியில் புகுந்திருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் அது.

ஏணி

நான்கு அடி உயரத்துக்கு ஓர் அடி என்ற கணக்கில் ஏணியின் கால் சுவரை விட்டுத் தள்ளி இருக்க வேண்டும். பன்னிரண்டு அடி உயரத்தில் சாய்த்தால் மூன்று அடி. நிமிர்த்தி வைத்தால் பின்னால் சாயும், படுக்க வைத்தால் கால் வழுக்கும். ஈர மண்ணிலோ சோப்புத் தண்ணீர் ஓடிய தரையிலோ வைக்காதீர்கள். இடுப்பு ஏணியின் இரண்டு கம்பிகளுக்கு நடுவிலேயே இருக்கட்டும். இன்னும் ஒரு கை எட்டினால் முடிந்துவிடும் என்று தோன்றும்போது இறங்கி ஏணியை நகர்த்துங்கள். மின்கம்பி ஓடும் பக்கம் அலுமினிய ஏணி கூடவே கூடாது.

தரையில் நின்றபடி நீட்டுக் கம்பு வைத்த துடைப்பானால் முதல் மாடி வரை பெரும்பாலும் எட்டிவிடும். அதற்கு மேல், உள்ளிருந்து பத்திரமாக எட்டாத கண்ணாடியை இடுப்புக் கயிறும் பயிற்சியும் உள்ளவர்களிடம் விட்டுவிடுங்கள். ஜன்னல் திட்டில் ஏறி நின்று, ஒரு கையால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் வெளிப்புறம் துடைப்பதை எந்த மாடியிலும், ஒரே ஒரு கண்ணாடிக்காகக்கூடச் செய்யாதீர்கள்.