சிப்பிப்பாறை வளர்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

எங்கள் செவலைச் சிப்பிப்பாறை நாயோடு தெருவில் இறங்கினால், வாரத்துக்கு ஒருவராவது நிறுத்திக் கேட்டுவிடுவார்: "இதற்குச் சோறே போடுவதில்லையா?" விலா எலும்பு வரிவரியாகத் தெரியும், வயிறு மேலேறி ஒட்டிக் கிடக்கும். கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. முதல் வருடம் எனக்கே அது உறுத்தியது. சோற்றைக் கூட்டினேன், முட்டையைக் கூட்டினேன், நெய்யும் ஊற்றினேன். மூன்று மாதத்தில் விலா மறைந்தது. கூடவே ஓட்டமும் மறைந்தது. மாடிப்படி ஏறவே யோசித்தது. கால்நடை மருத்துவர் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஓடுகிற நாயை உட்கார வைத்துவிட்டீர்களே" என்றார்.

இந்த இனத்துக்குக் கடைசி இரண்டு மூன்று விலா எலும்புகள் தெரிவதும், இடுப்பு ஒடுங்கியிருப்பதும்தான் நல்ல உடம்பு. கவலைப்பட வேண்டிய மெலிவு வேறு. முதுகெலும்பு முட்டி முட்டித் தெரியும், தொடைச் சதை வற்றிப்போகும், முடி பொலிவிழக்கும். அப்படி இருந்தால் கூடுதல் சோறு தீர்வல்ல. குடற்புழுவா, உண்ணிக் காய்ச்சலா என்று பார்க்க வேண்டும்.

சிப்பிப்பாறையும் கன்னி என்ற நாய் இனமும் தென்மாவட்டத்து வறண்ட வெட்டவெளிகளில் முயல் துரத்துவதற்காகவே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்க்கப்பட்டவை. மோப்பத்தைவிடப் பார்வையை நம்பும் வேட்டைநாய்கள். தொலைவில் ஒன்று அசைந்தால் போதும், மூளைக்குச் சேதி போகும் முன்பே கால் கிளம்பிவிடும். எனவே "என் நாய் கூப்பிட்டால் வந்துவிடும்" என்று வாரை அவிழ்த்து விடுவதைத்தான் எல்லாத் தவறுகளிலும் பெரிதென்று சொல்வேன். வீட்டுக்குள் கூப்பிட்டால் வரும். மொட்டை மாடியிலும் வரும். சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு பூனை ஓடும்போது வராது. அது கீழ்ப்படியாமை அல்ல, அந்த நேரத்தில் அதன் காதில் உங்கள் குரல் விழுவதே இல்லை. நடுவில் லாரி வருவதும் அதன் கண்ணில் படாது.

வார் போட்டிருந்தாலும் தப்பும் என்பதை நான் ஒரு தீபாவளி மாலையில் கற்றுக்கொண்டேன். இவற்றின் தலை ஒடுக்கம். கழுத்தும் தலையும் ஏறக்குறைய ஒரே சுற்றளவு. பக்கத்தில் வெடித்த வெடிக்கு மிரண்டு பின்னால் இழுத்தது. கழுத்துப்பட்டை காதைத் தாண்டி வழுக்கி என் கையில் தொங்கியது, நாய் தெருமுனையில் இருந்தது. இரவு பதினொரு மணிக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு திண்ணைக்கு அடியில் கிடைத்தது, என் அதிர்ஷ்டம். சாதாரணப் பட்டையை இன்னும் ஒரு துளை இறுக்கிக் கட்டுவதில் பயனில்லை, மூச்சுதான் முட்டும். இழுக்கும்போது மட்டும் அளவாக இறுகும் அகலப் பட்டையோ, மார்போடும் வயிற்றோடும் சேர்த்துப் பூட்டும் கச்சையோ வாங்குங்கள். சுற்றுச்சுவர் இடுப்பளவு என்றால் அதைச் சுவர் என்று நினைக்காதீர்கள்.

அடுத்தது உடற்பயிற்சிக் கணக்கு. வேட்டைநாய் என்றால் நாளெல்லாம் ஓட வேண்டும் என்று பயந்து வாங்காமல் விடுகிறவர்களும் உண்டு, காலையில் ஒரு மணி நேரம் நடத்திவிட்டால் கடமை முடிந்தது என்று நினைப்பவர்களும் உண்டு. இரண்டும் சரியில்லை. இது வில் போன்ற நாய். நான்கைந்து நிமிடம் உயிரைக் கொடுத்து ஓடும், பிறகு அரை நாள் தூங்கும். அதற்கு வேண்டியது வேலியடைத்த ஒரு வெளியில் காலையும் மாலையும் முழு வேகத்தில் சில ஓட்டங்கள். அது கிடைக்காத நாய்தான் செருப்பைக் கடிக்கிறது, மெத்தையைக் கிழிக்கிறது, வாசலுக்கும் கொல்லைக்குமாக அலைகிறது. ஒருவர் நாயை ஸ்கூட்டரில் கட்டித் தார்ச் சாலையில் ஓட்டிக்கொண்டு போவதைப் பார்த்தேன், மனது பதறியது. தன் வேகத்தைத் தானே முடிவு செய்ய முடியாத ஓட்டம் தண்டனை. ஒரு வயது ஆகாத குட்டிக்கு அது வளரும் எலும்பையே கெடுக்கும். வெயில் காலத்தில் புறங்கையைச் சாலையில் வைத்துப் பாருங்கள். சில நொடிகூட வைக்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் அங்கே வேண்டாம்.

ஓடி முடித்த கையோடு தட்டு நிறையச் சோறு வைப்பதும், சாப்பிட்டவுடன் ஓட விடுவதும் ஆபத்து. ஆழமான மார்பு கொண்ட நாய்களுக்கு இரைப்பை வீங்கி முறுக்கிக்கொள்ள வாய்ப்பு அதிகம். முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்தில் உயிர் போகும். வயிறு உப்பி, வாந்தி வராமல் வெறுமனே குமட்டினால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இரு வேளையாகப் பிரித்துக் கொடுத்து, ஓட்டத்துக்கும் உணவுக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

காவலுக்கென்று வாங்கி வாசல் கம்பியில் சங்கிலியால் கட்டிப்போடுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. வேறு வேலைக்கான நாயை அவர்கள் வாங்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அடித்துப் பழக்குவதும் இதனிடம் செல்லாது. ஓர் அடியை மாதக்கணக்கில் நினைவில் வைத்து ஒதுங்கிப்போகிற நாய் இது.

கோழி, பூனை, ஆட்டுக்குட்டி உள்ள வீட்டில் குட்டியிலிருந்தே சேர்த்து வளர்த்தால் பெரும்பாலும் ஒத்துப்போகும். ஆனால் உங்கள் வீட்டுப் பூனை வேறு, அடுத்த வீட்டுப் பூனை வேறு என்பது அதற்கு நன்றாகத் தெரியும். கத்திக்கொண்டு ஓடிப் பிடித்து விளையாடும் சிறு பிள்ளைகளோடு தனியே விடாதீர்கள். "இரத்தத்தில் இருக்கிறது, ஒருமுறை முயலுக்கு விட்டுப் பார்ப்போம்" என்று கிளம்பும் உறவினர் ஒருவர் எல்லா வீட்டிலும் இருப்பார். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு முயலை வேட்டையாடுவது குற்றம் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.

"நாட்டு நாய்க்கு நோயே வராது" என்பது இன்னொரு நம்பிக்கை. கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும் பார்வோ வைரஸும் உண்ணிக் காய்ச்சலும் இனம் பார்ப்பதில்லை. வெறிநாய்த் தடுப்பூசியும் எல்லா நாய்க்கும் ஒன்றுதான். அறுவைச் சிகிச்சை என்றால் மட்டும் ஒரு வேறுபாடு உண்டு. கொழுப்பு குறைந்த வேட்டைநாய்களுக்குத் தயோபென்டோன் போன்ற சில மயக்க மருந்துகள் எளிதில் தெளியாது. கிரேஹவுண்டு என்ற மேலைநாட்டு வேட்டைநாய்களில் இது நன்கு அறியப்பட்டது. எனவே இனத்தை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொன்ன பிறகு இவற்றைத் தேடுகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். தேடுகிறவர்கள் கூடினால் அவசரமாகக் குட்டி விற்பவர்களும் கூடுவார்கள். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மத்திய அரசு விதி சொல்கிறது. முப்பது நாள் குட்டியைக் கூடையில் வைத்துக் கொடுத்தால் வாங்காமல் வந்துவிடுங்கள். தாயை நேரில் பாருங்கள். அது மனிதரைக் கண்டு நடுங்கினால் குட்டிக்கும் அந்த நடுக்கம் இருக்கக்கூடும். சிப்பிப்பாறை பார்க்கப் போய் வெள்ளை ராஜபாளையத்தில் மனம் போய்விட்டால், குட்டிக்குத் தெரியாமல் பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். முழு வெள்ளையில், இளஞ்சிவப்பு மூக்கோடு பிறப்பவற்றில் காது கேளாதவை உண்டு.