பழைய பார் மேசைக்கு ஒரு துளிச் சோதனை

வீட்டு விருந்துக்குப் பழைய பார் மேசை வாங்கப் போகிறீர்களா? அழகில் மயங்கும் முன் மேற்பூச்சைப் பாருங்கள். அந்தக்கால மேசைகள் பலவற்றில் அரக்கு பாலிஷ்தான் இருக்கும். மது சிந்தினால் அது இளகி வெள்ளைத் தழும்பு விழும். கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, கண்ணில் படாத அடிப்பகுதியில் பஞ்சால் ஒரு துளி ஸ்பிரிட் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தால் அரக்குதான். அதற்காக அதைச் சுரண்டி வார்னிஷ் அடித்துவிடாதீர்கள்! அந்த மெல்லிய பொன்னிற மினுமினுப்பு வார்னிஷில் வராது. மேற்பலகையின் அளவுக்கு ஒரு கண்ணாடி வெட்டி வைத்தால் போதும்.

உயர ஸ்டூல் வாங்குவதானால், 42 அங்குல மேசைக்கு 30 அங்குல இருக்கை, தொடை இடிக்காது. காலடியில் மாவு போல மரத்தூள் உதிர்ந்திருந்தால், எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். உள்ளே வண்டு இருக்கக்கூடும்.