சுவாதியின் நிறமாலையில் வெப்பமும் ஈர்ப்பும் இரும்பும்

குளிர் விண்மீன்களின் வெப்பநிலை, ஈர்ப்பு, இரும்பளவு மூன்றையும் நிறமாலையிலிருந்து அளந்து பழக ஆர்க்டரஸ் என்ற விண்மீன் தோதானது. பஞ்சாங்கத்துச் சுவாதிதான் அது. விடை ஏற்கெனவே தெரியும்: பயனுறு வெப்பநிலை (மேற்பரப்பின் வெப்பநிலை என்று கொள்ளலாம்) சுமார் 4286 கெல்வின்; மேற்பரப்பு ஈர்ப்பின் பத்தடி மடக்கை (செ.மீ./நொடி² அலகில்) 1.66, இரும்பு சூரியனைவிட 0.52 டெக்ஸ் (பத்தடி மடக்கையின் அலகு) குறைவு, அதாவது ஏறத்தாழ 30 சதவீதம்தான். இதை எட்டிய பிறகு தெரியாத நட்சத்திரத்துக்குப் போங்கள்.

நிறமாலையின் பிரிதிறன் (அலைநீளத்தை, பிரித்தறியக்கூடிய மிகச் சிறு வித்தியாசத்தால் வகுத்தது) 40,000, சிக்னல்-இரைச்சல் விகிதம் 100. இதற்குக் கீழே இறங்க வேண்டாம். நட்சத்திரத்தின் வேகம், பூமியின் ஓட்டம் இரண்டையும் முதலில் நீக்குங்கள். நொடிக்கு 5 கி.மீ. விட்டுப்போனாலே 6000 ஆங்ஸ்ட்ராம் (மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) அலைநீளத்தில் கோடு 0.1 ஆங்ஸ்ட்ராம் தள்ளி நிற்கும். பக்கத்துக் கோட்டை இரும்பு என்று அளந்துவிடுவீர்கள்.

பெரும்பாலான தவறுகள் தொடர்நிறமாலையின் (கோடுகள் இல்லாவிட்டால் இருக்கும் ஒளியின்) மட்டத்தை வரையும்போதுதான் நுழைகின்றன. நீலப் பக்கம் கோடுகள் நெருக்கியடிப்பதால் கோடில்லாத இடமே இருக்காது. 5500–6800 ஆங்ஸ்ட்ராமில் வேலை செய்யுங்கள். மட்டத்தை 1 சதவீதம் தாழ்த்தி வரைந்தால், அடிப்பாகம் 0.4 ஆங்ஸ்ட்ராம் உள்ள கோட்டில் 4 மில்லி ஆங்ஸ்ட்ராம் காணாமல் போகும். சமான அகலம் (கோடு விழுங்கிய ஒளியை மட்டத்தின் அகலமாகச் சொல்வது) 100 மில்லி ஆங்ஸ்ட்ராம் உள்ள கோட்டுக்கு அது பெரிதில்லை. 20 உள்ள கோட்டுக்கோ ஐந்தில் ஒரு பங்கு, சுமார் 0.1 டெக்ஸ். மெலிந்த கோடுகள் மட்டும் இரும்பைக் குறைத்துச் சொல்ல, நீங்கள் நுண்கொந்தளிப்பை (கோட்டை அகலமாக்கும், வளிமண்டல வாயுவின் சிறு அசைவுகளின் வேகம்) வீணாக ஏற்றுவீர்கள்.

சமான அகலம் 10 முதல் 100 மில்லி ஆங்ஸ்ட்ராம் வரை உள்ள நடுநிலை இரும்புக் கோடுகள் குறைந்தது ஐம்பது வேண்டும். கிளர்வு ஆற்றல் (கோடு தொடங்கும் கீழ்மட்டத்தின் ஆற்றல்) 1 முதல் 5 எலக்ட்ரான் வோல்ட் வரை பரவியிருக்கட்டும். அயனி (ஓர் எலக்ட்ரானை இழந்த) இரும்புக்கு 6432.68, 6456.38 ஆங்ஸ்ட்ராம் கோடுகள் போன்றவை. 6276–6320 பகுதியில் நம் காற்றின் ஆக்சிஜன் கோடுகள் கலக்கும், ஒதுக்கிவிடுங்கள்.

மார்க்ஸ் (MARCS) தொகுப்பின் மாதிரி வளிமண்டலத்தை (ராட்சத விண்மீன் என்பதால் கோள வடிவத்தது) மூக் (MOOG) போன்ற கணினி நிரலில் கொடுத்து, கோட்டுக்குக் கோடு இரும்பளவைப் பாருங்கள். கிளர்வு ஆற்றல் கூடக்கூட இரும்பு ஏறினால் வெப்பநிலையை உயர்த்துங்கள், இறங்கினால் தாழ்த்துங்கள். வலுத்த கோடுகள் இரும்பை அதிகம் காட்டினால் நுண்கொந்தளிப்பைக் கூட்டுங்கள். சுவாதிக்கு அது நொடிக்கு 1.7 கி.மீ. அருகே நிற்க வேண்டும். ஒன்றைத் தொட்டால் மற்றது ஆடும், எனவே இரண்டு சரிவும் தட்டையாகும்வரை மாறிமாறித் திருத்துங்கள்.

ஈர்ப்பை, அயனி இரும்பும் நடுநிலை இரும்பும் ஒத்துப்போகும்படி தேடுவது பாடப்புத்தக வழி. 5000 கெல்வினுக்குக் கீழே அதை மட்டும் நம்பக் கூடாது. அயனிக் கோடுகள் சில, அவற்றிலும் கலப்பு. கலப்பால் அயனி இரும்பு மிகையாகத் தெரியும், அதைச் சரிக்கட்டப் போய் ஈர்ப்பு பொய்யாகக் குறையும். இடமாறு தோற்றப் பிழையிலிருந்து (பூமி சுற்றும்போது விண்மீன் இடம் மாறித் தெரியும் கோணம்) தொலைவு, அதிலிருந்து ஆரம், ஈர்ப்பு என்று போவதே மேல். கையா விண்கலத்துக்குச் சுவாதி கண்கூசும் பிரகாசம். அதற்கு முந்தைய ஹிப்பார்கோஸ் செயற்கைக்கோள் தந்த 88.83 மில்லி விகலையை (விகலை என்பது பாகையில் 3600-இல் ஒரு பங்கு) எடுங்கள். தொலைவு 11.26 பார்செக் (சுமார் 36.7 ஒளியாண்டு). கோண விட்டம் 21.06 மில்லி விகலை என்றால் ஆரம் சூரியனைப்போல் சுமார் 25.5 மடங்கு. நிறை சூரியனைப்போல் 1.08 மடங்கு என்று கொண்டால், ஈர்ப்பின் மடக்கை (சூரியனுடையது + நிறையின் மடக்கை − ஆரத்தின் மடக்கையின் இரு மடங்கு) 4.44 + 0.03 − 2.81 = 1.66.

4000 கெல்வினுக்குக் கீழே இந்த முறை படுத்துவிடும். டைட்டானியம் ஆக்சைடு பட்டைகள் மட்டத்தையே விழுங்கிவிடுவதால் அளக்க ஆதாரம் இருக்காது, 1.5–1.7 மைக்ரான் அகச்சிவப்புக்கு மாறி, முழு நிறமாலையையும் செயற்கை நிறமாலையோடு பொருத்த வேண்டும்.