எலும்பைச் சீவி வளர்ச்சிக் கோடுகளை எண்ணும் முறை

டைனோசர் ஒன்று எந்த வயதில் இறந்தது என்று அறிய, அதன் தொடை எலும்பின் நடுத்தண்டைக் குறுக்கே அறுத்து, ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சீவலாக்கி, ஆண்டுதோறும் விழும் வளர்ச்சிக் கோடுகளை நுண்ணோக்கியில் எண்ண வேண்டும். அறுத்த எலும்பு பழையபடி ஆகாது என்பதால், முதலில் அதை அளந்து, படமெடுத்து, அச்சும் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். கை பழகாதவர்கள் கறிக்கடையில் கிடைக்கும் ஆட்டுத் தொடை எலும்பை வேகவைத்துக் கொழுப்பு நீக்கிக் காயவைத்துப் பழகலாம். கறிக்கு வரும் ஆடு பெரும்பாலும் இளையது என்பதால், அதில் கோடுகளைத் தேடிக் களைக்க வேண்டாம்.

எலும்புத் துண்டை எப்பாக்சி பிசினில் அமிழ்த்தி, வெற்றிடக் கலத்தில் காற்றுக் குமிழிகளை அகற்றி இறுகவிட வேண்டும். பின்பு வைரத்துகள் பதித்த வட்டால் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் கனமுள்ள வில்லையை அறுத்து, ஒரு முகத்தைச் சமன்செய்து கண்ணாடித் தகட்டில் ஒட்டி, மறுமுகத்தைச் சிலிக்கன் கார்பைடு தூளில் 400, 600, 1000 என நுண்மையைக் கூட்டிக்கொண்டே தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். உலர்வாகத் தேய்த்தால் தூசி மூச்சில் ஏறும். பொதுவாக 50 முதல் 100 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனத்தில் நிறுத்துவார்கள். கடைசிக் கட்டத்தில் பத்து இழுப்புக்கு ஒருமுறை நுண்ணோக்கியில் பார்ப்பது அலுப்பான வேலைதான். அந்தப் பொறுமை இல்லாமல் நான் தேய்த்த முதல் தகட்டில், நடுப்பகுதி தெளிவதற்குள் வெளியோரம் முழுவதும் கரைந்துபோயிற்று.

வெளியோரம் போனால் பாதி விடை போனது போலத்தான். ஆண்டுதோறும் வளர்ச்சி சிறிது காலம் நின்று மீண்டும் தொடரும்போது எலும்பில் ஒரு மெல்லிய கோடு விழுகிறது. அக்கோடுகள் ஓரத்தில் இரத்தக்குழாய்த் தடமே இல்லாமல் நெருங்கி அடுக்கியிருந்தால் விலங்கு முழு வளர்ச்சியை எட்டிவிட்டது, இல்லையென்றால் வளரும்போதே இறந்துவிட்டது. கோடுகளுக்கு இடையில் இழைகள் தாறுமாறாகவும் குழாய்த் தடங்கள் நிறைந்தும் இருந்தால் வேகமான வளர்ச்சி. முதலையின் எலும்பில் உள்ளதுபோல் இழைகள் ஒழுங்காக அடுக்கி, குழாய்கள் அரிதாக இருந்தால் மெதுவான வளர்ச்சி. கோடு தெரிந்ததுமே குளிர் இரத்த விலங்கு என்று முடிவுகட்டக் கூடாது: அசைபோடும் பாலூட்டிகளிலும் இக்கோடுகள் பரவலாக உண்டு என்பதை 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒவ்வொரு கோட்டையும் எலும்பைச் சுற்றி முழுவதும் தொடர்ந்து பாருங்கள். பாதியில் அறுந்து நிற்பது வெறும் விரிசலாக இருக்கக்கூடும்.

உள்பக்கத்தில் மஜ்ஜைக்குழி விரியும்போது தொடக்க ஆண்டுகளின் கோடுகள் அழிகின்றன. எலும்பு தன்னைப் புதுப்பிக்கும்போது பின்னர் உருவாகும் ஹேவர்சியன் குழாய்களும் (இரத்தக்குழாய் ஓடும் நுண்குழாய்கள்) பழைய கோடுகளைத் தின்றுவிடுகின்றன. எனவே எண்ணிக்கையைக் 'குறைந்தது இத்தனை' என்றே எழுத வேண்டும், அல்லது அதே இனத்தின் சிறிய எலும்புகளைக் கொண்டு விடுபட்டதை ஈடுசெய்ய வேண்டும். சிகாகோவிலுள்ள 'சூ' என்ற டைரனோசாரஸுக்கு 28 வயது என்று கணித்த 2004ஆம் ஆண்டு ஆய்வு, உடற்பாரம் தாங்கும் தொடை எலும்பை விட்டு, விலா போன்ற குழிவிழாத எலும்புகளை நாடியது இதனால்தான்.