இறை இரக்கச் செபமாலை: நம்பிக்கையோடு செபிக்கும் முறை

கடவுள் நல்லவர் என்று கோவிலில் பாடும்போது யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. ஸ்கேன் ரிப்போர்ட் வர இரண்டு நாளாகும் என்று சொல்லி அனுப்பிய இரவில்தான் அந்த வார்த்தை நெஞ்சில் ஒட்டாமல் வழுக்குகிறது. அந்த இரவுக்கு ஏற்ற செபம் இறை இரக்கச் செபமாலை. ஏழெட்டு நிமிடம் போதும். வீட்டில் இருக்கும் சாதாரண செபமாலையே போதும். ஆனால் மணியை உருட்டி முடித்தாலே நம்பிக்கை வந்துவிடாது. எந்த வரியில் என்ன செய்கிறோம் என்று அறிந்து சொல்ல வேண்டும்.

இதைத் தந்தவர் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரி புனித பவுஸ்தீனா. போலந்து நாட்டு ஏழை விவசாயக் குடும்பத்தில் 1905-இல் பிறந்தவர், பள்ளிப் படிப்பு மூன்றாண்டுகூட இல்லை. மடத்தில் சமையல், தோட்டம், வாயில் காவல் என்று வேலை பார்த்தார். 1935 செப்டம்பர் 13 அன்று வில்னியுஸ் நகர மடத்தில், உலகைத் தண்டிக்க வந்த வானதூதரைக் காட்சியில் கண்டார். தாமாக மன்றாடியபோது அந்த மன்றாட்டுக்கு வலுவில்லை என்று உணர்ந்தார். உள்ளத்தில் கேட்ட வார்த்தைகளைச் சொல்லி மன்றாடத் தொடங்கியதும் வானதூதரால் தண்டிக்க முடியவில்லை. அந்த வார்த்தைகளே இந்தச் செபமாலை. 1938-இல், 33 வயதில், காசநோயால் இறந்தார். 2000 ஏப்ரல் 30 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரைப் புனிதராக உயர்த்தினார். இது தனிப்பட்ட வெளிப்பாட்டில் வந்த பக்தி முயற்சி என்பதால் திருச்சபை யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. பிடித்துச் செய்கிறவர்கள் சரியாகச் செய்தால் போதும்.

தொடங்கும் முன் ஒரு நிமிடம் உட்கார்ந்து, மனதில் அழுத்தும் காரியத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். "ஆண்டவரே, மகனுக்கு வேலை போய்விட்டது, அடுத்த மாத வாடகைக்கு வழி தெரியவில்லை." இவ்வளவு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். "குடும்பக் கருத்துக்களுக்காக" என்று பொதுவாக முடித்துவிட்டால், பயம் பெயரில்லாமல் உள்ளேயே தங்கி, செபமாலையின் ஒவ்வொரு பத்து மணித் தொகுதியிலும் பராக்காகத் திரும்பி வரும்.

இனி மணிகள். செபமாலை முனையிலுள்ள பாடுபட்ட சுரூபத்தை, அதாவது சிலுவையை, பிடித்துச் சிலுவை அடையாளம் வரையுங்கள். அடுத்த பெரிய மணியில் செபம் எதுவும் இல்லை; கைப்பழக்கத்தில் அங்கேயே கர்த்தர் கற்பித்த செபத்தைத் தொடங்கிவிடுகிறவர்கள் நிறைய. அதைத் தாண்டி வரும் மூன்று சிறு மணிகளில் கர்த்தர் கற்பித்த செபம், மங்கள வார்த்தை செபம், அப்போஸ்தலர்களின் விசுவாசப் பிரமாணம் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். அதன்பின் ஐந்து பத்து மணிகள். ஒவ்வொரு பத்துக்கும் முன்னால் பெரிய மணியில்:

"நித்திய பிதாவே, எங்கள் பாவங்களுக்கும் அகில உலகின் பாவங்களுக்கும் பரிகாரமாக, உம் அன்புத் திருமகனும் எங்கள் ஆண்டவருமாகிய இயேசு கிறிஸ்துவின் திருவுடலையும் திரு இரத்தத்தையும் ஆன்மாவையும் இறைமையையும் உமக்கு ஒப்புக்கொடுக்கிறேன்."

பத்துச் சிறு மணிகளில்: "இயேசுவின் வேதனை மிகுந்த பாடுகளைப் பார்த்து, எங்கள்மீதும் அகில உலகின்மீதும் இரக்கமாயிரும்."

ஐந்தும் முடிந்ததும் மூன்று முறை: "தூய கடவுளே, தூய எல்லாம் வல்லவரே, தூய நித்தியரே, எங்கள்மீதும் அகில உலகின்மீதும் இரக்கமாயிரும்."

பங்குக்குப் பங்கு ஓரிரு சொல் மாறும். உங்கள் கோவிலில் சொல்லும் வடிவத்தையே சொல்லுங்கள். வழக்கமான செபமாலையில் தியானிக்கும் மறையுண்மைகள் இதில் கிடையாது, பத்து முடிவில் சொல்லும் திரித்துவப் புகழும் ("பிதாவுக்கும் சுதனுக்கும்...") கிடையாது. தொடக்கத்திலும் முடிவிலும் சிலர் சேர்க்கும் மன்றாட்டுகள் விருப்பத்தைப் பொறுத்தவை.

பெரிய மணியின் வரியில் கொஞ்சம் நில்லுங்கள், ஏனென்றால் நம்பிக்கைக்கு அடிப்படை அங்கேதான் இருக்கிறது. நாம் ஒப்புக்கொடுப்பது நம் நோன்பையோ காணிக்கையையோ அல்ல, கிறிஸ்துவையே. திருப்பலியில் நடக்கும் அதே ஒப்புக்கொடுத்தலின் எதிரொலி இது. கையில் எதுவுமில்லாதவரும், நேற்றுப் பாவத்தில் விழுந்தவரும், தயங்காமல் இதைச் சொல்லலாம். கொடுக்கப்படுவது அவர்களுடைய தகுதி இல்லை. "நான் என்ன யோக்கியதையில் கேட்பது" என்ற கூச்சம் வரும்போதெல்லாம் இந்த வரிக்குத் திரும்புங்கள்.

சிறு மணிகளில் மூச்சோடு சேர்த்துச் சொல்வது நல்ல பழக்கம். மணியை விரலுக்குள் வாங்கும்போது முதல் பாதி. மூச்சை விடும்போது "எங்கள்மீதும்" என்று தொடங்கும் மறுபாதி. "இரக்கமாயிரும்" முழுதாக அடங்கிய பிறகுதான் விரல் அடுத்த மணிக்கு நகர வேண்டும். பங்கின் அண்டைக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கும் அன்பியக் கூட்டங்களில் கெடுவது இந்த இடத்தில்தான். மக்களின் பதில் முடியும் முன்பே முன்செபிப்பவர் அடுத்த "இயேசுவின்" என்று தொடங்கிவிடுவார். இரண்டு குரலும் மோத, மூன்றாவது பத்திலேயே அது வெறும் இரைச்சலாகிவிடும். முன்செபிப்பவர் ஒரு மூச்சு காத்திருந்தால் மொத்தத்தில் இரண்டு நிமிடம்தான் கூடும்.

"அகில உலகின்மீதும்" என்பதையும் விழுங்கிவிடாதீர்கள். சொந்தத் துன்பத்தை மட்டுமே சுற்றிச்சுற்றிப் பார்க்கும் மனதை அந்தச் சொல் ஐம்பது முறை வெளியே இழுக்கிறது. ஒரு பத்தை, உங்களைப் போலவே இன்று ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கும் முகம் தெரியாத ஒருவருக்காக வைத்துப் பாருங்கள். பயம் கொஞ்சம் தளர்வதை உணரலாம்.

பெரிய தவறு, இதைப் பேரமாக மாற்றுவது. ஒன்பது நாள் சொன்னேன், நீர் செய்தே ஆக வேண்டும் என்ற எண்ணம் வந்துவிட்டால், பத்தாம் நாள் காரியம் கைகூடாதபோது செபமாலை மேசைக்குள் போய்விடும். இரக்கத்தின் அருளை மொள்ளும் பாத்திரம் நம்பிக்கை ஒன்றே என்று பவுஸ்தீனா தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். பாத்திரத்தைப் பிடிப்பது நம் வேலை. அதில் எதை ஊற்றுவது என்பது ஆண்டவர் விருப்பம். ஆகவே முடிவில் "இயேசுவே, உம்மில் நம்பிக்கை வைக்கிறேன்" என்று சொல்லும்போது, தொடக்கத்தில் சொன்ன காரியத்தையும் சேர்த்து அவர் கையில் விட்டுவிடுங்கள். இத்தனை பேருக்கு ஃபார்வர்டு செய்தால் அற்புதம் நடக்கும் என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளுக்கும் இந்தப் பக்திக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவற்றை அழித்துவிடலாம், பாவமில்லை.

"உம்மில் நம்பிக்கை வைக்கிறேன்" என்ற வாக்கியம் நாக்கில் வராத நாட்களும் உண்டு. அன்று நடிக்க வேண்டாம். திருப்பாடல் 13-ஐ முதலில் வாசியுங்கள். ஆறே வசனம்: முதல் நான்கில் "இன்னும் எவ்வளவு காலம்" என்று தாவீது முறையிட்டு மன்றாடுகிறார், கடைசி இரண்டில்தான் நம்பிக்கை வருகிறது. முறையிட்டுவிட்டு அதன்பின் மணியை எடுங்கள். உணர்ச்சி வரவில்லையே என்று அதே பத்தைத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கவும் வேண்டாம். வறண்ட வாயால் சொன்னதும் செபமே.

நேரத்தைப் பொறுத்தவரை, ஆண்டவர் உயிர் துறந்த பிற்பகல் மூன்று மணி சிறந்தது. முடிந்தால் சிலுவைப்பாதை, இல்லையேல் நற்கருணை முன் சிறிது நேரம், அதுவும் முடியாவிட்டால் இருக்கும் இடத்திலேயே ஒரு கணம் என்று நாட்குறிப்பு மூன்று படி சொல்கிறது. கல்லாவில் நிற்பவரும் பஸ் ஓட்டுகிறவரும் மூன்றாவதைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். இரவு பத்து மணிக்குச் சொன்னாலும் குறைவில்லை.

நவநாளாகச் செய்வதானால் பெரிய வெள்ளியன்று தொடங்குங்கள். பாஸ்கா எண்கிழமைச் சனியன்று, அதாவது ஈஸ்டருக்கு அடுத்த சனியன்று, ஒன்பது நாள் நிறையும், மறுநாள் இறை இரக்க ஞாயிறு. அன்று நிறைபலன் (பாவத்துக்குரிய தண்டனை முழுதும் நீங்கும் அருள்) பெற ஒப்புரவு அருளடையாளம் எனும் பாவசங்கீர்த்தனம், நற்கருணை, திருத்தந்தையின் கருத்துக்களுக்காகச் செபம் மூன்றும் வேண்டும். பாவசங்கீர்த்தனத்தைச் சனி மாலைக்குத் தள்ளாதீர்கள். வரிசை நீளமாக இருக்கும், சாமியார் ஒருவர்தான் இருப்பார்.

சாகக் கிடக்கிறவர் அருகில் சொல்வதற்கென்றே இச்செபமாலைக்குச் சிறப்பான வாக்குறுதி உண்டு. ஆனால் முதலில் பங்குத்தந்தைக்குப் போன் செய்யுங்கள். குரு நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில்பூசுதலுக்கு நினைவு தப்பும்வரை காத்திருப்பது நம் வீடுகளில் நடக்கும் வேதனையான பிழை. பேசவும் விழுங்கவும் முடிகிறபோதே சாமியார் வந்தால் பாவசங்கீர்த்தனமும் இறுதி நற்கருணையும் கிடைக்கும். பிறகு கட்டில் தலைமாட்டில் ஒருவர் மட்டும் உட்கார்ந்து, தாழ்ந்த குரலில், வழக்கத்தைவிட மெதுவாகச் சொல்லுங்கள். அவர் உதடு அசைந்தால் "இரக்கமாயிரும்" என்பதை அவருக்கு விட்டுவிடுங்கள். களைப்புத் தெரிந்தால் ஒரே பத்தோடு நிறுத்தி, செபமாலையை அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடி, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு மீதியை மனதுக்குள் முடியுங்கள்.