கிராம சபையில் உங்கள் கோரிக்கையைத் தீர்மானமாக்குவது எப்படி?

ராமநாதபுரம் கடற்கரையில் மே 1 கிராம சபைக்குத் தனிச் சிறப்பு உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால், விசைப்படகுத் தொழிலாளர்களும் அன்று கரையில் இருப்பார்கள். ஜனவரி 26, மார்ச் 22, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களிலும் சபை கூடுகிறது என்றாலும், ஊருக்கே பொதுவான பெரிய கோரிக்கையை மே மாதத்தில் வைப்பதே நல்லது என்பது என் கருத்து.

முதலில், ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அரசியலமைப்பின் 73ஆவது திருத்தத்தின்படி அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொருவரும் சபையின் உறுப்பினர். சட்டமன்றத்தில் நமக்காக இன்னொருவர் பேசுகிறார், இங்கே நாமே பேசுகிறோம். (ராமேசுவரம், கீழக்கரை போன்ற நகராட்சிகளில் கிராம சபை கிடையாது.) மீனவர் ஊர்க்கூட்டங்கள் பலவற்றில் ஆண்களே அமர்வது வழக்கம், கிராம சபையிலோ கடல்பாசி எடுக்கும் பெண்ணுக்கும் படகு முதலாளிக்கும் உரிமை ஒன்றுதான். ஆகவே பெண்கள் ஒன்றாகச் சேர்ந்து வாருங்கள்.

கோரிக்கையை முன்கூட்டியே எழுதி ஊராட்சிச் செயலரிடம் கொடுத்து, நகலில் ஒப்புகைக் கையெழுத்து வாங்குங்கள். 'தண்ணீர்ப் பிரச்சினையைத் தீர்க்க வேண்டும்' என்று மட்டும் எழுதினால் அது மனுவோடு நின்றுவிடும். எந்தத் தெரு, எந்தக் குழாய், காவிரிக் கூட்டுக் குடிநீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, வராத நாளில் மணலில் தோண்டிய ஊற்றில் சிரட்டையால் மொண்டு ஒரு குடம் நிரப்ப எவ்வளவு நேரம் ஆகிறது, குடங்கள் அடுக்கிய தள்ளுவண்டியை எவ்வளவு தூரம் தள்ளி வரவேண்டியிருக்கிறது என்பதையெல்லாம் எழுதி, யார் எதை எந்த நாளுக்குள் செய்ய வேண்டும் என்று ஒரே வாக்கியத்தில் கேளுங்கள்.

கோரமும், அதாவது கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கையும், முக்கியம்: மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊராட்சியில் 100 பேரும், 3,001 முதல் 10,000 வரை என்றால் 200 பேரும் வந்திருக்க வேண்டும்.

பேசி முடித்ததும் எழுந்து போய்விடாதீர்கள். ஒருமுறை நான் நெடுநேரம் பேசிவிட்டுத் தீர்மானப் புத்தகத்தைப் பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். பிறகு பார்த்தால் நான் பேசியதில் ஒரு வரிகூட அதில் ஏறவில்லை. தீர்மானத்தை எழுதி, சபையில் உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள். நகல் தர மறுத்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பியுங்கள். 30 நாளுக்குள் பதில் தரவேண்டும். அந்த நகலோடு அடுத்த கூட்டத்துக்குச் சென்று, 'போன தீர்மானம் என்ன ஆயிற்று?' என்ற கேள்வியிலிருந்து தொடங்குங்கள்.